ஆயிரம் முகவரிக்கு ஒரே வரி: நன்மையும் எல்லையும்



பினாங்கிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஒரு கடிதம் போடுகிறோம். பினாங்கு அஞ்சல் ஊழியருக்கு ஜொகூர் பாருவின் தெருக்கள் எல்லாம் தெரிந்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. அஞ்சல் குறியீடு 80 என்று தொடங்கினால் அது தெற்கே போகும் மூட்டையில் சேர வேண்டும் என்று தெரிந்தால் போதும். தெருவையும் வீட்டையும் அங்குள்ளவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கணினி வலையமைப்புகளிலும் இதே ஏற்பாடு உண்டு. ரூட் சமரைசேஷன் என்பார்கள். தமிழில் தடச் சுருக்கம் எனலாம். இதனால் கிடைக்கும் நன்மை என்ன, இதை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற இரண்டையும் இன்று பார்ப்போம்.

நான்கு வரி ஒன்றாகிறது

ஒரு நிறுவனத்திற்குக் கோலாலம்பூரில் தலைமையகம், பினாங்கில் வட்டார அலுவலகம். அதன்கீழ் பட்டர்வொர்த், சுங்கைப் பட்டாணி, அலோர் ஸ்டார், தைப்பிங் ஆகிய ஊர்களில் கிளைகள் என்று வைத்துக்கொள்வோம். அக்கிளைகளின் கணினி முகவரிகள் முறையே 10.10.0, 10.10.1, 10.10.2, 10.10.3 என்று தொடங்குகின்றன. ஒவ்வொரு கிளைக்கும் 256 முகவரிகள்.

தகவலை வழியனுப்பும் கருவிக்கு ரவுட்டர் என்று பெயர். எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியல் அதனிடம் இருக்கும். பினாங்கு ரவுட்டர் நான்கு கிளைகளையும் தனித்தனியே அறிவித்தால் தலைமையகத்தின் பட்டியலில் நான்கு வரிகள் ஏறும். 10.10.0.0/22 என்று அறிவித்தால் ஒரே வரி. முகவரி என்பது 32 இரும இலக்கங்களைக் கொண்டது. அவற்றில் முதல் 22 இலக்கங்கள் எல்லாக் கிளைகளுக்கும் பொது என்பதே அந்த 22-இன் பொருள். ஆக, 1,024 முகவரிகள் ஒரு வரியில் அடங்கிவிட்டன.

இதனால் பட்டியல் சிறுக்கிறது. ரவுட்டரின் நினைவகம் மிச்சமாகிறது. இன்னொரு நன்மையும் உண்டு. அலோர் ஸ்டாரின் இணைப்பு விட்டுவிட்டு வேலை செய்கிறது என்றால், அந்தத் தொல்லை பினாங்கோடு நின்றுவிடும். மற்ற ரவுட்டர்கள் ஒவ்வொரு முறையும் பட்டியலைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

உலக இணையமே இந்த முறையை நம்பித்தான் வளர்ந்தது. 1990களின் தொடக்கத்தில் முகவரிகள் ஏ, பி, சி என்ற நிலையான அளவுகளில் வழங்கப்பட்டு வந்தன. உலகத் தடப் பட்டியல் வேகமாகப் பெருகியது; ரவுட்டர்களால் தாங்க முடியாது என்ற அச்சம் எழுந்தது. அதற்கு விடையாக 1993-இல், முகவரிகளை வேண்டிய அளவில் பிரிக்கவும் சேர்க்கவும் இடம் தரும் சைடர் என்ற முறை வந்தது.

சுருக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதையும் உலகம் கண்டிருக்கிறது. 2014 ஆகஸ்ட் 12-ஆம் தேதி, பெரிய அமெரிக்க நிறுவனம் ஒன்று தவறுதலாக ஏறத்தாழ 15,000 சிறு தடங்களைத் தனித்தனியாக அறிவித்துவிட்டது. உலகப் பட்டியல் 512,000 என்ற கோட்டைத் தொட்டது. அந்த அளவுக்கே இடம் ஒதுக்கியிருந்த பழைய ரவுட்டர்கள் திணறின. சில இணையத்தளங்கள் எட்டாமல் போயின. இன்று அந்தப் பட்டியலில் ஏறத்தாழ 10 லட்சம் தடங்கள் உள்ளன.

எங்கே இடறுகிறது?

முதலாவது, முகவரிகளை முன்கூட்டியே திட்டமிட்டுக் கொடுத்திருக்க வேண்டும். அடுத்தடுத்த எண்களாக இருந்தால் மட்டும் போதாது. நான்கு கிளைகளின் எண்கள் 3, 4, 5, 6 என்று இருந்தால் அவற்றை மட்டும் ஒரே வரியில் அடக்க முடியாது. மூன்று வரிகள் வேண்டும். கணினி இரும எண்ணில் கணக்கிடுவதால் நான்கின் தொகுதி, நான்கால் வகுபடும் எண்ணில்தான் தொடங்க வேண்டும். கிளைகள் வளர்ந்த பிறகு முகவரிகளை மாற்றுவது பெரும் வேலை.

இரண்டாவது, சுருக்கம் நல்ல செய்தியோடு கெட்ட செய்தியையும் மறைத்துவிடும். தைப்பிங் இணைப்பு அறுந்துவிட்டது என்று கொள்வோம். கோலாலம்பூருக்கு அது தெரியாது. தைப்பிங்குக்கான தகவலைப் பினாங்குக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். பினாங்கிடம் தைப்பிங்குக்கு வழி இல்லை. ‘தெரியாத முகவரி எல்லாம் தலைமையகத்திற்கு’ என்று அங்கே எழுதியிருந்தால் தகவல் திரும்பவும் கோலாலம்பூருக்குப் போகும். தகவலில் குறித்த பயண எண்ணிக்கை தீரும்வரை இரு ரவுட்டர்களும் பந்தாடிக்கொண்டிருக்கும். இதைத் தடுக்க, சுருக்கத்திற்குள் வந்து வழியில்லாத எதையும் அங்கேயே கைவிடும்படி பினாங்கில் ஒரு வரி சேர்க்க வேண்டும். பல ரவுட்டர்கள் இதைத் தாமே செய்யும். சிலவற்றில் நாம்தான் எழுத வேண்டும்.

மூன்றாவது, சுருக்கமான வழி எப்போதும் குறுக்கு வழியாக இராது. தைப்பிங்கிலிருந்து கோலாலம்பூருக்கு நேர் இணைப்புப் போட்டாலும், சுருக்கத்தை மட்டும் அறிந்த தலைமையகம் பினாங்கைச் சுற்றியே அனுப்பும். தைப்பிங்கைத் தனி வரியாக அறிவித்தால் சரியாகிவிடும். ஒரே முகவரிக்கு இரண்டு வரிகள் பொருந்தினால், அதிக விவரமுள்ள வரியையே ரவுட்டர் பின்பற்றும்.

இந்த விதி உதவுவதைப் போலவே காலையும் வாரும். 2008 பிப்ரவரி 24-ஆம் தேதி யூடியூப் நிறுவனத்திற்கு அதுதான் நேர்ந்தது. அது தன் 1,024 முகவரிகளை 208.65.152.0/22 என்று ஒரே வரியாக அறிவித்திருந்தது. பாகிஸ்தான் அரசு யூடியூப்பைத் தடை செய்ய உத்தரவிட்டபோது, பாகிஸ்தான் டெலிகாம் அவற்றில் 256 முகவரிகளுக்கு 208.65.153.0/24 என்ற தனி வரியை அறிவித்தது. உள்நாட்டோடு நிற்க வேண்டிய அந்த வரி, ஹாங்காங்கின் பிசிசிடபிள்யூ நிறுவனம் வழியாக உலகெங்கும் பரவியது. அதிக விவரமுள்ள வரி என்பதால் ரவுட்டர்கள் அதையே நம்பின. உலகின் பெரும்பகுதியில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் யூடியூப் எட்டாமல் போனது. யூடியூப் பொறியாளர்கள் தங்கள் வரியை இன்னும் சிறு துண்டுகளாக்கி அறிவித்துப் போராட வேண்டியிருந்தது. முகவரி யாருடையது என்று மின்னணுக் கையொப்பத்தால் சரிபார்க்கும் ஆர்பிகேஐ முறை பின்னர் வந்தது. ஆனால், எல்லாரும் சரிபார்த்தால்தான் முழுப் பலன்.

சொன்னவரே பொறுப்பு

அப்படியானால் சுருக்கவே கூடாதா? கூடாது என்று சொல்லவில்லை. சுருக்கம் என்பது ஒரு வாக்குறுதி. ‘இந்த 1,024 முகவரிகளுக்கும் நான் வழி சொல்கிறேன்’ என்று அறிவிப்பவர், அவற்றில் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பேற்கிறார். அதனால் வட்டார வாரியாக முகவரிகளை ஒதுக்குங்கள்; வளர்ச்சிக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள். வட்டாரத்தின் வாசலில் மட்டும் சுருக்குங்கள். கிளைகள் உயிரோடு இருக்கின்றனவா என்பதைத் தனியே கண்காணியுங்கள். பட்டியலில் ஒரு வரி இருப்பது அதற்குச் சாட்சியாகாது.

இத்துறையில் படிக்கும் நம் பிள்ளைகள் தேர்வுக்காக முகவரிகளைச் சுருக்கக் கற்றுக்கொள்கிறார்கள். சுருக்கிய வரிக்குள் எதை மறைத்தோம் என்று கேட்கவும் அவர்கள் பழக வேண்டும். வேலைக்குப் போன பிறகு, ஒரு கிளை மட்டும் தொடர்பில்லாமல் தவிக்கும் நாளில் அந்தக் கேள்விதான் அவர்களுக்குக் கைகொடுக்கும்.