ஒரு பந்தயக் காரின் பூர்வீகம்

நிலம் வாங்குவோர் மூலப்பத்திரத்தைத் தேடுகிறார்கள். யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, இடையில் வில்லங்கம் ஏதேனும் உண்டா என்று பார்த்த பின்னரே பணத்தை எண்ணி வைக்கிறார்கள். மோட்டார் காருக்கும் இத்தகைய பூர்வீகம் உண்டு. ஒரு காரின் பூர்வீகத்தைப் பற்றியே 1990-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்தது. அந்தக் கார், பென்ட்லி கம்பெனியார் செய்த பந்தயக் கார். 'ஓல்டு நம்பர் ஒன்', அதாவது 'பழைய ஒன்றாம் எண்' என்பது அதற்கு வழங்கிவரும் பெயர். அதன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லி, அதிலிருந்து எழும் ஒரு வினாவை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பென்ட்லி கம்பெனியை 1919-இல் தொடங்கியவர் டபிள்யூ. ஓ. பென்ட்லி என்னும் பொறியாளர். அவருடைய கார்கள் புகழ் பெற்றன. பணம் மட்டும் சேரவில்லை. அப்போது கைகொடுத்தவர் உல்ஃப் பர்னாட்டோ. தென்னாப்பிரிக்க வைரச் சுரங்கங்களில் பெருஞ்செல்வம் ஈட்டியவரின் மகன் அவர். 1926-இல் கம்பெனியின் தலைவரானார். பணம் கொடுத்ததோடு நில்லாமல் பந்தயங்களில் தாமே காரையும் ஓட்டினார்.

பிரான்சு நாட்டில் லெ மான் என்ற நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் பந்தயம் இருபத்துநான்கு மணி நேரம் இடைவிடாது ஓடுவது. ஒரே காரை ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டுவார்கள். வேகத்தோடு உறுதியையும் சோதிக்கும் பந்தயம் அது. 1929-இல் பர்னாட்டோவும் டிம் பர்க்கினும் ஓட்டிய 'ஸ்பீடு சிக்ஸ்' வகைக் கார் அதில் முதலிடம் பெற்றது. ஆறு சிலிண்டர்களும் ஆறரை லிட்டர் கொள்ளளவும் கொண்ட என்ஜின் அதனுடையது. முதல் நான்கு இடங்களையும் அவ்வாண்டு பென்ட்லி கார்களே கைப்பற்றின. வென்ற கார் தாங்கியிருந்த பந்தய எண் ஒன்று. பெயர் வந்த காரணம் இதுவே. மறு ஆண்டும் அதே கார் வென்றது. அப்போது பர்னாட்டோவுடன் ஓட்டியவர் கிளென் கிட்ஸ்டன்.

ஆயினும் 1931-இல் பென்ட்லி கம்பெனி கடன் சுமையால் வீழ்ந்து, ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனியின் கைக்குப் போயிற்று. ஓல்டு நம்பர் ஒன் பர்னாட்டோவிடமே இருந்தது. அதற்கு வேறோர் அடிச்சட்டமும் எட்டு லிட்டர் என்ஜினும் பொருத்தினார்கள். 1932 செப்டம்பரில் புரூக்லாண்ட்ஸ் ஓடுதளத்தில் நடந்த ஐந்நூறு மைல் பந்தயத்தில் அது கலந்துகொண்டது. அத்தளத்தின் வளைவுகளில் தரை வெளிப்புறம் உயர்ந்து, சாய்ந்த சுவரைப்போல் நிற்கும். கிளைவ் டன்ஃபீ என்னும் இளைஞர் ஓட்டிக்கொண்டிருந்தபோது கார் அந்தச் சரிவின் விளிம்பைத் தாண்டி வெளியே பாய்ந்தது. டன்ஃபீ உயிரிழந்தார். சிதைந்த காரைப் பர்னாட்டோ மீண்டும் கட்டுவித்து, சாலையில் ஓடத்தக்க மூடுகூண்டுக் காராக மாற்றினார். பின்னர் அது பலர் கை மாறியது, பன்முறை பழுதுபார்க்கப்பட்டது.

இனி வழக்கைப் பார்ப்போம். காரைப் புதுப்பித்து வைத்திருந்த உரிமையாளர் அதை ஒரு நிறுவனத்துக்கு ஏறத்தாழ ஒரு கோடி பவுனுக்கு விற்க ஒப்பந்தம் செய்தார். பிறகு நிறுவனம் வாங்க மறுத்தது. "லெ மானில் வென்ற காரை வாங்கவே ஒப்பினோம், இது அந்தக் கார் அன்று" என்பது அதன் வாதம். விற்றவர் நீதிமன்றம் சென்றார்.

நீதிபதி ஆட்டன் வல்லுநர்களை விசாரித்து, காரின் உறுப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். கிடைத்த விடை வியப்புக்குரியது. 1929-இல் வென்ற காரிலிருந்து, காலம் கணிக்க இயலாத சில சிறு பொருத்துப்பொருள்கள் தவிர ஒன்றும் எஞ்சவில்லை. 1930-ஆம் ஆண்டுக் காரிலிருந்து எஞ்சியவை மூன்றே: பெடல்களைத் தாங்கும் தண்டு, கியர்ப்பெட்டியின் கூடு, ஸ்டீயரிங் தண்டு. அடிச்சட்டம், விற்கள், முன் அச்சு, எட்டு லிட்டர் என்ஜின் முதலிய பெரும்பகுதி 1932-ஆம் ஆண்டுக் காருக்கு உரியவை. பெயரும் புகழும் வெற்றி பெற்ற காருடையவை. இரும்போ ஓர் இளைஞர் உயிரிழந்த காருடையது!

அப்படியானால் இது எந்தக் கார்? இவ்வினா கிரேக்க நாட்டில் பண்டே எழுந்தது. வீரன் தீசியஸின் கப்பலை ஏதென்ஸ் மக்கள் பேணி வந்தார்கள் என்றும், உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக நீக்கிப் புதியன பொருத்தினார்கள் என்றும் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். அது பழைய கப்பல்தானா என்று தத்துவ அறிஞர்கள் வாதிட்டனராம். அவர்கள் முடிவு காணாமல் வாதிட்டுக்கொண்டிருக்கலாம். நீதிபதிக்கு அந்த வசதி இல்லை. ஒரு கோடி பவுன் யாருக்கு என்று அவர் சொல்லியாக வேண்டும்.

அவர் சொன்ன முடிவின் சாரம் இது. இக்காரை 'மூல வடிவினது' என்று கூற முடியாது. ஆனால் அழிந்துபோன ஒன்றைப் பின்னாளில் புதிதாகச் செய்த போலியும் அன்று. மாற்றங்கள் சிறிது சிறிதாக, காரின் வாழ்நாளினூடே நிகழ்ந்தன. எந்தக் கட்டத்திலும் அது தன் அடையாளத்தை இழந்துவிடவில்லை. அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாடத்தக்க வேறு காரும் உலகில் இல்லை. ஆகவே இதுவே ஓல்டு நம்பர் ஒன். விற்றவர் வென்றார்.

இம்முடிவு எனக்குச் சரியானதாகவே தோன்றுகிறது. நீங்கள் பயிலும் கல்லூரியை எண்ணிப் பாருங்கள். தொடக்க நாளில் அங்கே பயின்ற மாணவர் இன்று இல்லை; ஆசிரியர் இல்லை; கட்டடங்கள்கூட மாறியிருக்கலாம். எனினும் அதே கல்லூரி என்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் முந்திய ஆண்டோடு பிணைந்திருப்பதும், அந்தப் பிணைப்புக்குப் பதிவேடுகள் சான்று கூறுவதுமே காரணம்.

பதிவேடு புகழைக் காப்பது போலவே, பொருந்தாப் புகழைப் பறிக்கவும் செய்யும். 1930 மார்ச்சில் பர்னாட்டோ ஒரு பந்தயம் கட்டினார். தென்பிரான்சிலுள்ள கான் நகரிலிருந்து புறப்படும் 'நீல ரயில்' கலே துறைமுகத்தை அடையும் முன் தாம் காரிலேயே லண்டன் சேர்வதாகச் சொன்னார். நான்கு நிமிட முந்துதலில் சொன்னபடியே சேர்ந்தார். அவருடைய அழகிய கூப்பே கார் ஒன்றே அந்தப் பயணம் செய்தது என்று நெடுங்காலம் உலகம் நம்பியது. ஓவியமும் தீட்டப்பட்டது. தேதிகளை ஒப்பிட்டபோது அந்தக் கூப்பே உருவாகி முடிந்ததே பயணத்துக்குப் பிறகுதான் என்பது தெரிந்தது. உண்மையில் ஓடியது வேறொரு ஸ்பீடு சிக்ஸ்; எளிய தோற்றமுடைய சலூன் கார்.

ஆகவே, பழைய காரைப் புதுப்பிப்பவருக்கு இரண்டு கடமைகள் உண்டு. துருவை நீக்கி என்ஜினை ஓடச் செய்வது ஒன்று. அதைக் கைத்திறன் செய்துவிடும். எந்த உறுப்பை எப்பொழுது மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று மறைக்காமல் எழுதி வைப்பது மற்றொன்று. அதற்கு நேர்மை வேண்டும். பளபளக்கும் புதுவண்ணம் 1932-ஆம் ஆண்டின் துயரத்தை மறைத்துவிடக்கூடும். கிளைவ் டன்ஃபீயின் பெயரையும் வெற்றியாளர் பெயர்களோடு சேர்த்துக் காத்துத் தருவது, கைக்குக் கை மாறிவந்த அந்தக் குறிப்பேடுதான்.