காதலும் இசையும் பேசும் செப்புத்தகடுகள்

மனிதன் தன் உள்ளத்தை உணர்த்த எழுத்தை மட்டுமே நம்பியிருக்கவில்லை. ஒரு மலராலும், ஒரு பறவையாலும், ஓர் இசைக்கருவியாலும் அவன் பேசியிருக்கிறான். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் அச்சிடப்பெற்ற அலங்காரச் செதுக்கோவியங்கள் அத்தகைய பேச்சுக்குச் சிறந்த சான்றாகும். அருங்காட்சியகங்களில் அவற்றைக் காணும் மாணவர்கள் பொருளறிந்து சுவைக்க இக்கட்டுரை துணைபுரியும்.

முதலில் இவை உருவாகும் முறையைக் காண்போம். மெருகிட்ட செப்புத்தகட்டில் எஃகு உளியால் கோடுகள் கீறப்படும். தகடெங்கும் மை பூசி மேற்பரப்பைத் துடைத்தால் கீறல்களில் மட்டும் மை தங்கும். ஈரத்தாளை அதன்மேல் பரப்பி உருளைகளுக்கிடையே அழுத்தினால் உருவம் தாளில் பதியும். தகட்டில் வலப்புறம் இருப்பது தாளில் இடப்புறமாகத் தோன்றும். பாரிசு நகரின் சென் ஜாக் வீதி இவ்வணிகத்துக்குப் பெயர்பெற்றிருந்தது. மரச்சிற்பிகளும், பொற்கொல்லரும், நெசவாளரும், பீங்கானில் ஓவியம் தீட்டுவோரும் இத்தாள்களை மாதிரிகளாகக் கொண்டனர்.

இவற்றுள் ஒருவகை வெற்றிச்சின்னம் எனப்படும். பண்டைக் கிரேக்கர் போரில் வென்றதும் பகைவரின் கவசங்களையும் படைக்கலங்களையும் மரத்தில் தொங்கவிட்டனர். அவ்வழக்கமே காலப்போக்கில் அலங்கார வடிவமாயிற்று. பிற்காலக் கலைஞர்கள் வாளும் கேடயமும் இருந்த இடத்தில் காதலின் சின்னங்களையும் இசைக்கருவிகளையும் அமைத்துப் பட்டுநாடாவால் பிணைத்தனர். 1734 இல் பாரிசில் பிறந்த ஷான் ஷார்ல் டெலஃபோஸ் இத்தகைய வடிவங்களை வரைந்து புகழ்பெற்றவர். குறியீடுகளை விளக்கும் அவருடைய பெருநூல் 1768 இல் வெளியாயிற்று.

இனி, சின்னங்களின் பொருளை நோக்குவோம். வில்லும், அம்பும், அம்பறாத்தூணியும் காதற் கடவுளாகிய கியூபிட்டுக்கு உரியவை. இணைப்புறாக்களும் ரோஜா மலர்களும் அவன் தாய் வீனசைச் சுட்டும். எரியும் தீப்பந்தம் காதலின் கனலையும், திருமணக் கடவுளாகிய ஹைமனையும் குறிக்கும். லைர் என்னும் நரம்புக்கருவி இசைக்கடவுள் அப்பல்லோவின் கையது. தோற்பையும் குழலும் இணைந்த மியூசெட், ஆயர் வாழ்வின் அடையாளம். அக்காலப் பிரபுக்களும் அதனை விரும்பி வாசித்தனர்.

காதலும் இசையும் ஒரே கட்டில் பிணைக்கப்பட்டது ஏன்? உரோமப் புலவர் ஓவிட் கூறும் கதை ஒன்று இதற்கு விடை தருகிறது. பான் என்னும் கானகத் தெய்வம் சிரிங்ஸ் என்னும் நங்கையை விரும்பித் துரத்தியது. அவளோ ஆற்றங்கரையில் நாணற் புதராக மாறினாள். பான் விட்ட பெருமூச்சு நாணலிற் புகுந்து இனிய ஒலியாய் எழுந்தது. அந்த நாணல்களை நீளம் வேறுபட வெட்டி, மெழுகால் இணைத்து, அது குழல் செய்துகொண்டது. எனவே, செதுக்கோவியத்தில் ஏறுவரிசையாய் அமைந்த நாணற்குழலைக் கண்டால், அங்கே கைகூடாத காதலொன்று இசையாகியிருப்பதை உணரலாம்.

இவற்றைச் செதுக்கிய கைகள் மறைந்தன. 1789 இல் வெடித்த பிரெஞ்சுப் புரட்சியோடு, இவற்றை விரும்பிப் போற்றிய பிரபுக்களின் வாழ்வும் நிலைகுலைந்தது. ஆயினும் தாள்கள் எஞ்சியுள்ளன. அன்று பார்த்தவுடன் விளங்கிய சின்னங்கள் இன்று பலருக்கு வெறும் பூவேலையாகவே தோன்றுகின்றன. குறியீடும் ஒரு மொழியே. கற்பிப்பாரும் கற்பாரும் இல்லையெனில் எந்த மொழியும் கண்ணுக்கு அழகாய் நின்று கருத்துக்கு ஊமையாகிவிடும்; கற்பவர் ஒருவர் இருப்பினும் அது மீண்டும் பேசும்.