பணமும் வேணும், அவரும் வேணும்!

"நீ சாப்பிட்டுட்டுப் படு, எனக்காகக் காத்திருக்காதே!" - இது என்னவர் தினமும் சொல்லும் வசனம். பகலில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. சாயங்காலம் ஒரு கடையில் கணக்கு எழுதுவது. காலை எட்டரைக்குக் கிளம்பினால் இரவு பத்துக்குத்தான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும். பெண்ணின் காலேஜ் ஃபீஸை நினைத்து நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

போன வருஷம் ஒரு ராத்திரி, சாப்பிட உட்கார்ந்தவர் கையிலிருந்து டம்ளர் நழுவியது. வாய் லேசாகக் கோணி, பேச்சு குழறியது. பத்தே நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. "அசதிதான், தூங்கினா சரியாயிடும்" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"இது பக்கவாதத்தின் முன்னறிவிப்பு. நல்ல வேளை, வந்தீங்க" என்ற டாக்டர் அடுத்துக் கேட்டது, "தினம் எத்தனை மணி நேரம் வேலை?"

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வு என்ன சொல்கிறது தெரியுமா? வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிட, 55 மணிக்கு மேல் உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம். இதய ரத்தக் குழாய் நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் அதிகம். என்னவருக்கோ வாரம் எழுபதைத் தொட்டது! ஓயாத டென்ஷனில் ரத்த அழுத்தம் ஏறுகிறது. தூக்கம் குறைகிறது. நடை இல்லை, நேரத்துக்குச் சாப்பாடு இல்லை. பசியை டீயும் பஜ்ஜியும் அடக்குகின்றன.

கடை வேலையை விட்டுவிட்டார். வருமானம் குறைந்தது நிஜம்தான். ஒரு சீட்டை நிறுத்தினேன், நகை வாங்குவதைத் தள்ளிப் போட்டேன். ஊறுகாய், அப்பளம் குறைந்தன, சாயங்காலம் சுண்டல். எட்டு மணிக்குச் சாப்பாடு, பிறகு இருவரும் தெருக்கோடி வரை நடை. மாத்திரையை மட்டும் ஒரு நாளும் தவற விடுவதில்லை.

சகோதரிகளே, ஒன்றை மனசில் வையுங்கள். முகம் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால், சரியாகிவிட்டாலும்கூடக் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். விழுங்க முடியாமல் புரையேறலாம் என்பதால் தண்ணீரோ சோடாவோ கொடுக்க வேண்டாம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம்.

ஆமாம், விடியற்காலை ஐந்து முதல் ராத்திரி பதினொன்று வரை ஓடும் நம் உழைப்புக்கும் இதே கணக்குதானே? அன்று டாக்டர் எனக்கும் ரத்த அழுத்தம் பார்த்தார். அதுவும் அதிகம்தான்!