ஈயம் உருக்கும் அடுப்பும் எங்கள் பிள்ளைகளின் கோபமும்

"தகப்பன் இல்லாமல் வளர்ந்த பிள்ளை, அதுதான் இப்படி." "சண்டைக்குள்ளே பிறந்தவன், கோபம் வராமல் என்ன செய்யும்?" எங்கள் பக்கத்தில் ஓர் இளைஞன் கை நீட்டினாலோ, ஒரு வேலையிலும் நிலைக்காமல் திரிந்தாலோ சனம் சொல்லும் வார்த்தைகள் இவை. முடிவில் குற்றம் வந்து விழுவது தாயின் தலையில்தான். தனியாக நின்று பிள்ளை வளர்த்த எத்தனையோ சகோதரிகள் இந்தச் சொல்லைக் கேட்டு உள்ளுக்குள் குமைந்திருக்கிறார்கள்.

யுத்தமும் இடப்பெயர்வும் எங்கள் பிள்ளைகளின் மனதைக் காயப்படுத்தியது உண்மை. ஆனால் பிள்ளையின் மூளையைத் தாக்கும் இன்னொரு பொருளும் எங்கள் முற்றங்களில் இருக்கிறது. அதற்குச் சத்தமும் இல்லை, மணமும் இல்லை. அதுதான் ஈயம்.

வலைக்குக் குண்டு வார்த்த காலம்

நான் திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஒரு மீனவக் கிராமத்தில் பிறந்தவள். இன்று முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் அப்பா வீச்சு வலைக்கு வேண்டிய ஈயக் குண்டுகளை வீட்டிலேயே வார்ப்பார். பழைய பற்றரியை உடைத்துத் தகடுகளை எடுத்து, தகரப் பேணியில் போட்டுக் குசினி அடுப்பில் வைப்பார். சிறிது நேரத்தில் வெள்ளி போல உருகி வரும். ஈயம் உருக 327 பாகை செல்சியஸ் போதும். விறகடுப்பே அந்தச் சூட்டைத் தந்துவிடும். மேலே படியும் சாம்பல் போன்ற கழிவை அம்மா வழித்து வேலியோரம் கொட்டுவா. பிள்ளைகள் நாங்கள் சுற்றிக் குந்தியிருந்து பார்ப்போம். தம்பி தவழுகிற வயது. அந்த மண்ணில்தான் அவன் விளையாட்டு.

தம்பிக்கு இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. நல்ல மனம் உள்ளவன். ஆனால் சட்டென்று கோபம் வரும். ஒரு காரியத்தில் மனம் நிலைத்து நிற்காது. அது ஈயத்தால் வந்ததா, ஷெல் அடிக்குள் ஓடித் திரிந்ததால் வந்ததா என்று எந்த வைத்தியராலும் இனிப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அம்மாவின் வளர்ப்புத்தான் பிழை என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை என்பதை நான் துணிந்து சொல்வேன்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

ஈயத்தால் உடம்புக்கு எந்தப் பயனும் இல்லை. ஆனால் உடம்பு அதைக் கல்சியம் என்று எண்ணி ஏமாந்து உள்ளே விட்டுவிடுகிறது. வாய்வழி போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிடச் சிறு பிள்ளைகளின் உடம்பு 4 முதல் 5 மடங்கு அதிகமாக உறிஞ்சும். இரத்தத்தில் சேர்ந்த ஈயம் எலும்பில் போய்ப் பல ஆண்டுகள் தங்கும். அந்தப் பெண் பிள்ளை வளர்ந்து கர்ப்பிணியாகும்போது எலும்பிலிருந்து மீண்டும் இரத்தத்தில் கலந்து வயிற்றுப் பிள்ளையையும் சென்றடையும்.

கோபத்தை அடக்குவது, செய்யுமுன் யோசிப்பது, பொறுத்திருப்பது எல்லாம் நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியின் வேலைகள். வளரும் வயதில் ஈயம் இந்தப் பகுதியைப் பாதிக்கிறது.

ஆய்வுகள் சொல்வது

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 1979 முதல் 1984 வரை, பழைய வீடுகள் நிறைந்த ஏழைப் பகுதிகளில் பிறந்த பிள்ளைகளைத் தாயின் வயிற்றிலிருந்தே ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் 250 பேரைப் பற்றிய முடிவு 2008இல் வெளிவந்தது. 6 வயதில் ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 5 மைக்கிரோகிராம் ஈயம் கூடுதலாக இருந்தால், வளர்ந்தபின் வன்முறைக்காகக் கைதாவது ஏறத்தாழ ஒன்றரை மடங்காகக் காணப்பட்டது. ஈயம் கூடியவர்களின் மூளையில் அந்த முன்பகுதி சுருங்கியிருந்ததையும் படம் எடுத்துக் கண்டார்கள்.

நியூசிலாந்தின் டுனீடின் நகரில் 1972, 1973இல் பிறந்தவர்களையும் இப்படிப் பின்தொடர்ந்தார்கள். அங்கே பெற்றோல் புகையால் வந்த ஈயம் ஏழை, பணக்காரர் என்று பாராமல் எல்லாரையும் தொட்டது. ஈயம் கூடியவர்களுக்கு 38 வயதிலும் அறிவாற்றல் குறைந்திருந்தது. ஆனால் குற்றச் செயலுடன் உள்ள தொடர்பு மிகவும் பலவீனமானது என்று 2018இல் அறிவித்தார்கள். ஆகவே ஈயம் பட்ட பிள்ளை எல்லாம் முரடனாவான் என்று எண்ணி விடாதீர்கள். ஈயம் ஒரு பாரம். அது தலைவிதி அல்ல. வறுமையும் தனிமையும் கூடச் சேரும்போதுதான் அந்தப் பாரம் அமுக்குகிறது.

எங்கள் கரையில் எங்கே இருக்கிறது?

இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. பெயின்ற்றில் சேரும் ஈயத்துக்கு 2013 முதல் சட்டப்படி எல்லை உண்டு. ஆனால் பழைய கதவு, யன்னல், வள்ளம் ஆகியவற்றில் பூசிய பழைய பெயின்ற் உரிந்து கொட்டிக்கொண்டே இருக்கிறது. பற்றரி உடைப்பதும் ஈயம் உருக்குவதும் வீட்டுக்குள் நடந்தால் ஆபத்து மிகப் பெரிது.

கொலம்பியா நாட்டின் கார்த்தஹேனா என்ற கரையோர நகரில் பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்தபோது, வலைக் குண்டுக்காக ஈயம் உருக்கும் குடியிருப்புப் பிள்ளைகளிடமே ஈயம் அதிகம் என்று 2007இல் தெரியவந்தது. செனகல் நாட்டில் தியாரோய் என்ற கடலோர ஊரில் பழைய பற்றரி உருக்கிய மண்ணைப் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, நாலு காசு பார்க்க ஈயம் அரித்தெடுத்தார்கள். 2007 கடைசியிலும் 2008 தொடக்கத்திலுமாக அங்கே 18 பிள்ளைகள் இறந்தார்கள். எங்களைப் போன்ற தாய்மார்தான் அவர்களும்.

நாம் செய்யக்கூடியவை

1. ஈயத்தை வீட்டிலோ முற்றத்திலோ உருக்க வேண்டாம். குண்டுகளை வார்த்ததாகவே வாங்குங்கள். உருக்கிய சட்டியில் ஒருபோதும் சமைக்க வேண்டாம்.

2. பழைய பற்றரியை உடைக்காமல் முழுதாகவே விற்றுவிடுங்கள்.

3. வயலிலும் கரையிலும் கிடக்கும் சன்னங்களைப் பிள்ளைகள் தொடவே கூடாது. வெடிக்கும் ஆபத்தும் உண்டு, ஈயமும் உண்டு.

4. வலை வேலை செய்தவர்கள் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடுப்பு மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும். அந்த உடுப்பைத் தனியாகத் தோயுங்கள்.

5. தரையைக் கூட்டித் தூசி கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள். பழைய பெயின்ற்றைப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் சுரண்ட வேண்டாம்.

6. சில வகைச் சுருமாவிலும் செந்தூரத்திலும் ஈயம் உண்டு. குழந்தையின் கண்ணுக்குப் பூச வேண்டாம்.

7. வெறும் வயிற்றில் ஈயம் அதிகமாக ஏறும். காலை உணவு கட்டாயம். முள்ளோடு நெத்தலி, முருங்கை இலை, பயறு, தேசிக்காய் கொடுங்கள். இரும்பும் கல்சியமும் போதியளவு இருந்தால் ஈயம் உறிஞ்சப்படுவது குறையும்.

வீட்டில் ஈயம் உருக்கும் வழக்கம் இருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ மறைக்காமல் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். 5 மைக்கிரோகிராம் அளவை எட்டினாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் அறிவுறுத்தியது. பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் இல்லை என்றும் அது சொல்கிறது.

ஏற்கெனவே வளர்ந்துவிட்ட பிள்ளைக்கு? அவனுக்கு வேண்டியது ஏச்சல்ல. கோபம் வரும்போது எழுந்து வெளியே நடக்கப் பழக்குவது, ஒரு நேரத்தில் ஒரு வேலை கொடுப்பது, மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போவது ஆகியவை உதவும். ஆனால் கோபத்துக்குக் காரணம் உண்டு என்பதற்காக அடி வாங்கிக்கொண்டு இருக்க எந்தத் தாய்க்கும் மனைவிக்கும் கடமை இல்லை.

நடந்ததை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் இன்று தவழும் பிள்ளையின் முற்றத்தைச் சுத்தமாக வைத்திருப்பது நம் கையில்தான் இருக்கிறது. உங்கள் மாதர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றி வாய்திறந்து பேசுங்கள், சகோதரிகளே.