காணக் கற்பித்தல்: பார்வைக் குறைவுடைய மாணவர் பற்றிய ஒரு நோக்கு

விழிப்புலனற்றோர் என்னும் சொல் முழு இருளில் வாழ்வோரையே நமக்கு நினைவூட்டுகின்றது. மருத்துவமோ அதனை அவ்வாறு வரையறுக்கவில்லை. 1934ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கம் வகுத்து, பின்னர் அந்நாட்டுச் சட்டங்களிலும் இடம்பெற்ற வரைவிலக்கணத்தின்படி, இயல்பான கண் 200 அடி தூரத்திற் காணும் எழுத்தைக் கண்ணாடி அணிந்த பின்னரும் 20 அடி தூரத்திலேயே காணக்கூடியவர் பார்வையற்றவராவர். நிறத்தையும் உருவத்தையும் அசைவையும் காணவல்ல பலர் இதனுள் அடங்கினர். இத்தகைய பிள்ளைகளுக்கும் பிரெயில் எழுத்தே கற்பிக்கப்பட்டது. விரலாற் படிக்கவேண்டிய புள்ளிகளை அவர்கள் கண்ணாற் படித்தமையால், கண்களைத் துணியாற் கட்டியும் கைகளை மறைத்தும் கற்பித்த வகுப்புக்கள் இருந்தன. கல்வியின் பெயராற் கண் மூடப்பட்டது.

இதற்குப் பின்னால் ஒரு நம்பிக்கை நின்றது. பார்வை ஒரு சேமிப்பு. பயன்படுத்தினால் தீர்ந்துவிடும் என்பதே அது. 1908இல் இலண்டனிற் கடுங் குறும்பார்வைப் பிள்ளைகளுக்கெனத் தோன்றிய வகுப்பும், 1913இற் பொஸ்ரனில் ஆரம்பமான 'பார்வை காக்கும்' வகுப்பும் இந்நம்பிக்கையின் வழிவந்தவையே. பெரிய எழுத்து, நல்ல வெளிச்சம் என்பவற்றை வகுப்பறைக்குள் கொணர்ந்த சிறப்பு அவற்றுக்கு உண்டு. எனினும் கண்ணால் வாசிப்பதை அவை அஞ்சியே அனுமதித்தன.

இக்கருத்தைப் பெரிதும் அசைத்தவர் ரெக்சாஸ் மாநில விழிப்புலனற்றோர் பாடசாலையில் ஆசிரியையாகப் பணியாற்றிய நற்றலி பராகா ஆவார். எஞ்சிய பார்வையுடைய பிள்ளைகளுக்கு முறையான காட்சிப் பயிற்சி அளித்து அவர் கண்ட முடிவுகள் 1964இல் நூலாக வெளிவந்தன. பயிற்சியின் பின்னர் பிள்ளைகளின் கட்புலக் கூர்மை குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை. ஆனால், உருவங்களை வேறுபடுத்தி அறியும் திறன் உயர்ந்திருந்தது. கண் மாறாதிருக்கக் காட்சி வளர்ந்தது எங்ஙனம்? ஒளியை ஏற்பது கண். அதற்குப் பொருள் காண்பது மூளை. மங்கலான உருவங்களையே பெறும் பிள்ளைக்கு அவற்றின் பொருளை அறியும் வாய்ப்பு யாரேனும் உருவாக்கித் தந்தாலன்றிக் கிட்டுவதில்லை. மருத்துவர் தரும் எண்ணைக் கொண்டு பிள்ளையின் கல்வியைத் தீர்மானிக்கும் வழக்கம் இதனாலேயே பிழையானது. ஒரே கூர்மை எண்ணுடைய இருவருள் ஒருவர் வாசிப்பார், மற்றவர் வாசிக்கமாட்டார். 1983இல் ஆன் கோண் முன்வைத்த மாதிரியும் கண்ணின் ஆற்றலோடு, தனியாளின் அனுபவத்தையும் நிறம், ஒளி, வேறுபாடு, இடம், காலம் என்னும் சூழற் கூறுகளையும் இணைத்தே காட்சியை விளக்கிற்று.

வகுப்பறையில் இதன் பொருள் யாது? ஆசிரியர் முதலிற் செய்யவேண்டியது கவனித்தல். கண்மணிகள் இடைவிடாது அசையும் பிள்ளை தலையைச் சாய்த்துப் பார்ப்பது கெட்ட பழக்கமன்று. அசைவு தணியும் திசையைத் தானே கண்டுகொண்டமையின் விளைவு. "நேராக இரு" என்று அதட்டும் ஆசிரியர் அப்பிள்ளையின் சிறந்த பார்வையைப் பறிக்கின்றார். விழித்திரையின் நடுப்பகுதி பழுதுற்றவர் பொருளுக்குச் சற்று அப்பால் நோக்கி ஓரப் பார்வையாற் காணப் பழகவேண்டும். சுரங்கத்தினூடு பார்ப்பதுபோல நடுப்பார்வை மட்டும் எஞ்சியவருக்கோ பெரிய எழுத்து இடையூறாகலாம். எழுத்துப் பெருக்கப் பெருக்க அவருடைய சிறு வட்டத்துள் அடங்குவன குறையும். நூலைக் கண்ணருகே பிடிப்பதால் தீங்கில்லை. தூரம் பாதியாக, விழித்திரையில் விழும் உருவம் இருமடங்காகும்.

தமிழ் கற்பிப்போர் தனியே சிந்திக்கவேண்டிய ஒன்றும் உண்டு. நம் எழுத்திற் பொருள் மிகச் சிறிய குறிகளில் தங்கியுள்ளது. புள்ளி மறைந்தால் 'பல்' 'பல' ஆகின்றது. சுழி தெரியாவிடின் 'வீடு' 'விடு' ஆகின்றது. இத்தகைய சொல்லிணைகளைத் தடித்த கருமையில் எழுதி, குறி எவ்விடத்தில் வருமெனத் தேடப் பழக்குதல், பக்கம் முழுவதையும் பெருப்பித்துக் கொடுப்பதிலும் பயன் மிக்கது.

எனினும், இக்கொள்கையின் ஆர்வலர் சிலர் மறுபக்கம் சாய்ந்தனர். சிறிதேனும் காண்பவருக்குப் பிரெயில் வேண்டியதில்லை எனக் கருதப்பட்டதால், அச்சைச் சில நிமிடங்களுக்கு மேல் வாசிக்கவியலாத மாணவர் இரண்டுமின்றி நின்றனர். அமெரிக்காவின் 1997ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம், தேவையில்லையென மதிப்பீட்டின் மூலம் காணப்பட்டாலன்றிப் பார்வைக் குறைபாடுடைய மாணவருக்குப் பிரெயில் கற்பிக்கவேண்டும் என விதித்தது. காலப்போக்கில் முற்றும் நோய்களில், கண் அச்சை வாசிக்கும் காலத்திலேயே விரலுக்கும் பயிற்சி தொடங்குதல் வேண்டும்.