செஸ் மென்பொருள்: வாங்குபவர் எதைப் பார்க்கிறார்?

2022ஆம் ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடைபெற்றது. 2024 டிசம்பரில் சென்னையைச் சேர்ந்த குகேஷ், தமது 18ஆவது வயதில் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்றார். இப்படிப்பட்ட செய்தி வந்தால், செஞ்சி கடைவீதியிலும் தேசூர், சீயமங்கலம் பக்கத்திலும் எழுதுபொருள், விளையாட்டுச் சாமான், கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நம் வணிகர்களிடம், "பிள்ளைக்கு செஸ் சாப்ட்வேர் எது நல்லது?" என்று பெற்றோர் கேட்பது இயல்பு. அதற்குச் சரியான பதில் சொல்ல, இந்தச் சரக்கின் தன்மையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பலம் விலைபோன காலம்

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலுள்ள செஸ்பேஸ் நிறுவனம் 1991இல் 'ஃபிரிட்ஸ்' என்ற மென்பொருளை வெளியிட்டது. அந்நாளில் வாங்குபவர் கேட்டது ஒன்றுதான்: "எது பலமாக ஆடும்?" 1997 மே மாதம் ஐ.பி.எம்.மின் 'டீப் புளூ' காஸ்பரோவை 3½–2½ என வென்றது. 2006இல் 'டீப் ஃபிரிட்ஸ்' அன்றைய உலகச் சாம்பியன் கிராம்னிக்கை 4–2 என வென்றது. அத்துடன் மனிதனா, இயந்திரமா என்ற போட்டி ஏறக்குறைய முடிந்தது.

2008இல் வெளிவந்த 'ஸ்டாக்ஃபிஷ்' உலகின் எந்த ஆட்டக்காரரையும் விடப் பலமானது. அதை இலவசமாகவே பெறலாம், சாதாரண செல்போனிலும் ஓடும். ஆகவே இன்று பலத்தை மட்டும் சொல்லி ஒரு மென்பொருளை விற்பது, ஆற்றங்கரையில் தண்ணீர் விற்பது போலத்தான்.

இன்று பணம் எதற்கு?

விவரம் தெரிந்தவர்கள் நான்கு விஷயங்களுக்குப் பணம் கொடுக்கிறார்கள். முதலாவது, ஆட்டத் தொகுப்பு. செஸ்பேஸின் பெரிய தொகுப்பில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் உள்ளன. எதிராளி முன்பு எப்படி ஆடினார் என்று தேடிப் பார்க்கப் போட்டி ஆட்டக்காரருக்கு இது தேவை. இரண்டாவது, பாடம். நகர்த்தல் தவறு என்று காட்டினால் போதாது; ஏன் தவறு என்று சொல்லித்தர வேண்டும். மூன்றாவது, கற்பவரின் தரத்துக்கு இறங்கி ஆடும் வசதி. எந்நேரமும் தோற்கும் பிள்ளை பத்து நாளில் பலகையை மூடிவிடும். நான்காவது, தம்மிடம் இருக்கும் கருவியில் ஓடுவது. ஃபிரிட்ஸ் விண்டோஸ் கணினிக்கானது; வீட்டில் செல்போன் மட்டும் உள்ளவருக்கு அது பயன்படாது. டி.வி.டி. தட்டு வாங்கினால், இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் அதைப் போடும் இடமே இல்லை.

பில் போடுமுன் கேட்க வேண்டியவை

பிள்ளையின் வயது என்ன? போட்டிகளுக்குப் போகிறதா? வீட்டில் கணினி உண்டா? இந்த மூன்றையும் கேட்டால் பாதி வேலை முடிந்தது. ஆடத் தொடங்கும் குழந்தைக்கு விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் தேவையில்லை. குகேஷே 2500 புள்ளித் தரத்தை எட்டும் வரை கணினி என்ஜினைக் கொண்டு பயிற்சி பெறவில்லை என்பதை அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இதை எடுத்துச் சொன்னால் மென்பொருள் விற்பனை ஒன்று குறையலாம். ஆனால் அதே பெற்றோர் சுருட்டி வைக்கும் பலகை, காய்கள், நகர்த்தல் எழுதும் நோட்டு, தொடக்கநிலைப் புத்தகம் வாங்குவார்கள்; பிள்ளை போட்டிக்குப் போகும்போது கடிகாரத்துக்கும் நம் கடைக்கே வருவார்கள்.

உறை பிரித்த பிறகு இச்சரக்கைத் திருப்பி எடுப்பது கடினம். உள்ளிருக்கும் சாவி எண்ணை ஒருமுறை பயன்படுத்திவிட்டால் அதை மறுபடி விற்க முடியாது. இதை முன்கூட்டியே சொல்லி, பில்லிலும் எழுதிக் கொடுப்பது நல்லது.

நகல் சரக்கு வேண்டாம்

பென்டிரைவில் நகல் போட்டுத் தருவது சிறு உதவி போலத் தோன்றும். தெரிந்தே பதிப்புரிமையை மீறினால், 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இலவச மென்பொருளுக்கும் நிபந்தனை இருக்கிறது. தங்கள் உழைப்பை உரிமத்துக்கு மாறாக விற்றதாக ஸ்டாக்ஃபிஷ் குழுவினர் 2021இல் செஸ்பேஸ் மீதே வழக்குத் தொடுத்தனர். 2022இல் அது சமரசத்தில் முடிந்தது.

பெருநகரக் கடைகளின் கையிருப்போ, இணைய வணிகத்தின் தள்ளுபடியோ நம்மிடம் இல்லை. வாடிக்கையாளரின் வீட்டு நிலையை அறிந்து, "உங்களுக்கு இது போதும்" என்று சொல்லும் நாணயம் நம்மிடம் உண்டு. அந்தச் சொல்லை நம்பியே பெற்றோர் நம் கடைப் படி ஏறுகிறார்கள். அதைக் காப்பதே நமக்கு நிலையான லாபம்.