பழைய கை, புதிய காக்பிட்

ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் உள்ள ராயல் என்ஃபீல்டு ஆலைகளிலிருந்து வரும் புல்லட்டுக்கு இடது காலில் கியர், வலது காலில் பிரேக். திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட்டில் இது நேரெதிர். இருபது வருடம் பழைய வண்டி ஓட்டியவர், புது வண்டியில் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலை காலியாக இருக்கும்வரை தொல்லை இல்லை. திடீரென்று ஒரு மாடு குறுக்கே வந்தால் இடது கால் தானாக அழுத்தும். அழுந்துவது கியர்.

ஏரிக்குத் தெற்கே மீனம்பாக்கத்தை நோக்கித் தாழ்ந்து வரும் விமானங்களின் காக்பிட்டிலும் இந்தச் சிக்கல் உண்டு. கம்பெனியோ விமான ரகமோ மாறி வந்த அனுபவசாலி விமானிக்குப் புதிதாகக் கற்பது பெரிய பாடு அல்ல; ஏற்கெனவே கற்றதை அடக்கி வைப்பதுதான் பெரும்பாடு. ஆயிரம் முறை செய்த வேலைக்கு மூளை கவனம் செலவழிப்பதில்லை, கை தானே செய்துவிடும். புது வழக்கத்துக்கோ ஒவ்வொரு முறையும் கவனம் வேண்டும். பதற்றத்தில் முதலில் சுருங்குவதும் அந்தக் கவனம்தான். உடனே பழைய வழக்கம் முந்திக்கொள்கிறது. பயிற்சிப் பள்ளியிலிருந்து நேரே வரும் இளைஞருக்கு வேறு குறைகள் இருக்கலாம், இந்தக் குறை இல்லை.

இதை இந்தியா கற்றுக்கொண்ட நாள் 1990 பிப்ரவரி 14. பம்பாயிலிருந்து பெங்களூர் வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் ஏ320, ஓடுபாதைக்கு முன்பே கோல்ஃப் மைதானத்தில் மோதியது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். விமானம் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. காக்பிட்டில் இருந்த இருவருமே 9,000 மணி நேரத்துக்கு மேல் பறந்த கேப்டன்கள். ஆனால் விமானத்தை ஓட்டியவருக்கு ஏ320-இல் 70 மணி நேரம்கூட இல்லை. பக்கத்தில் இருந்து அவரைச் சோதித்தவருக்கு 200 மணிக்குச் சற்று மேல்.

தானியங்கி அமைப்பு, இன்ஜின் விசையை அடிமட்டத்தில் வைத்து இறங்கும் முறையில் இருந்தது. வேகம் சரிந்துகொண்டே போனது. உயரத்தைச் சொல்லும் குரல் 400, 300, 200 அடி என்று எண்ணியது. அதற்குப் பிறகும் விசை லீவரை முன்னே தள்ளத் தாமதமானதைத்தான் விசாரணை முக்கியக் காரணமாகச் சொன்னது. என் பார்வையில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். தானியங்கி விசை உள்ள போயிங்குகளில் விசை ஏறி இறங்கும்போது லீவரும் கூடவே நகரும். அதன்மேல் கை வைத்திருந்தாலே இன்ஜின் என்ன செய்கிறது என்று புரிந்துவிடும். ஏ320-இல் விசை மாறினாலும் லீவர் வைத்த இடத்திலேயே நிற்கும், திரையைப் பார்த்தால்தான் தெரியும். அன்று ஒரு விமானியின் வழிகாட்டித் திரை அமைப்பை (ஃப்ளைட் டைரக்டர்) அணைத்தார்கள், மற்றவருடையது அணைக்கப்படவில்லை. இரண்டும் அணைந்திருந்தால் தானியங்கி வேகத்தைக் காக்கும் முறைக்கு மாறியிருக்கும். புத்தகம் படித்த யாருக்கும் தெரியக்கூடிய விஷயம் இது. ஆனால் அது விரல் நுனியில் இருக்க வேண்டும்.

ரகம் மாறாமல் கம்பெனி மட்டும் மாறினால்? அதுவும் லேசல்ல. எந்தச் சொல்லை யார், எப்போது உரக்கச் சொல்வது, எந்தச் சரிபார்ப்புப் பட்டியலை எங்கே தொடங்குவது என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கையேடு. விஸ்தாரா 2024 நவம்பர் 12-இல் ஏர் இந்தியாவோடு இணைந்தது. இரண்டிலும் ஏ320 உண்டு, போயிங் 787 உண்டு. இருந்தாலும் கையேடுகளை முன்கூட்டியே ஒன்றாக்க வேண்டியிருந்தது.

2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது, 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது. அப்படி நிற்கும்போது வேறு கம்பெனி தேடும் கேப்டனுக்குச் சில நேரம் கிடைப்பது வலதுபுற இருக்கை, அதாவது கோ-பைலட் வேலை. ஏர்பஸ்ஸில் கேப்டன் இடது கையால் பிடிக்கும் சைடுஸ்டிக்கை அங்கே வலது கையால் பிடிக்க வேண்டும். கை பழகிவிடும். நேற்றுவரை உத்தரவு போட்டவர் இன்று தன்னைவிட இளைய கேப்டனிடம் "சார், வேகம் குறைகிறது" என்று உரிய நேரத்தில் சொல்லப் பழகுவது அதைவிடக் கடினம்.

அதனால்தான் வகுப்பு, சிமுலேட்டர், பிறகு பயணிகளோடு பயிற்சிக் கேப்டன் மேற்பார்வையில் பறத்தல், கடைசியில் சோதனை என்று படிகள் வைத்திருக்கிறார்கள். சிமுலேட்டரில் ஓர் இன்ஜினை அணைத்துவிட்டு, பழைய கை எங்கே போகிறது என்று பார்ப்பார்கள். பயிற்சிச் செலவைக் குறைக்க நினைக்கும் நிர்வாகம் தொடக்கூடாத இடம் இது.

ஓட்டுபவர்கள் இருவருமே அந்த விமான ரகத்துக்குப் புதியவர்களாக இருக்கக் கூடாது என்று அமெரிக்காவில் ஒரு விதி உண்டு. ஒருவருக்காவது அந்த ரகத்தில் 75 மணி நேரம் பறந்த அனுபவம் வேண்டும். பெங்களூர் விமானம் அந்தக் கணக்கில்கூடத் தேறியிருக்கும்.